வியர்வையும் வாய்மையும்

தூய்மையின் சிறப்பைக் கூறும் கட்டுரைகளுக்கு நம்மிடையே பஞ்சமில்லை. குத்பாக்களில் கேட்கின்றோம், மதரஸாப் பிள்ளைகள் மனப்பாடமாக ஒப்பிக்கின்றனர். ஆயின், தூய்மை குறைந்த ஒருவர் நம் அருகிலேயே அமர்ந்து பணிபுரியுங்கால் அவரிடம் அதனை எவ்வாறு எடுத்துரைப்பது என்று வினவினால், அக்கட்டுரைகள் கைவிரித்து விடுகின்றன. இக்குறை மூலநூல்களின் குறையா, அன்றி அவற்றைப் படித்த நம்மனோரின் குறையா என்பதை ஈண்டு ஆராய விழைகின்றோம்.

இவ்வாராய்ச்சிக்கு நம்மைத் தூண்டியது நம் பிழையே. நம்மிடம் ஓதிய மாணவர் ஒருவர் நசரத்பேட்டையில், பெங்களூர் நெடுஞ்சாலையும் வெளிவட்டச் சாலையும் கூடும் பக்கத்தில், சரக்குக் கிடங்கொன்றின் கணக்குப் பிரிவில் பணியாற்றுகிறார். குளிர்சாதனம் பொருத்தப்பெற்றதால் சன்னல் திறவாத சிறிய அறை. அதனுள் ஐந்து மேசைகள். அடுத்த மேசைக்காரரின் உடலிலிருந்தும் சட்டையிலிருந்தும் வீசும் நாற்றத்தைத் தாங்க இயலவில்லை என்றும், "என்ன செய்வது ஹஜ்ரத்?" என்றும் அவர் நம்மிடம் வந்து கேட்டார். நாமும் நின்று எண்ணாமல், "நல்ல அத்தர்ப் புட்டி ஒன்றை வாங்கி அன்பளிப்பாகக் கொடுங்கள், குறிப்பறிந்து கொள்வார்" என்று சொல்லி அனுப்பினோம். அவரும் அவ்வாறே செய்தார். மற்ற மூவரும் பார்த்திருக்கச் செய்தார். அவர்கள் சிரித்தனர். மறுநாள் முதல் அம்மனிதர் அவர்களோடு பகலுணவுக்கு அமரவில்லை. கிடங்கின் பின்புறம் சென்று தனியே உண்டார். "அறையில் நாற்றம் குறையவில்லை ஹஜ்ரத், பேச்சுத்தான் குறைந்துவிட்டது" என்று மாணவர் வந்து சொன்னபோது, நாம் கற்ற நூல்களை மீண்டும் திறக்க வேண்டியதாயிற்று.

திறந்ததும் கண்ணில் பட்டவை, வெள்ளிக்கிழமைக் குளிப்பைப் பற்றிய இரு அறிவிப்புகள். ஒன்று ஆயிஷா நாயகி (ரலி) அவர்கள் உரைப்பது. மதீனாவின் புறத்தேயிருந்த அவாலிப் பகுதியிலிருந்து மக்கள் புழுதியில் நடந்து ஜும்ஆவுக்கு வருவர். மேனியெங்கும் தூசியும் வியர்வையும் படிந்திருக்கும். பணியாளரை வைத்துக்கொள்ள வசதியின்றித் தம் வேலையைத் தாமே செய்த உழைப்பாளிகள் அவர்கள். அத்தகையோரைக் கண்டே அண்ணலார் (ஸல்) அவர்கள், இந்நாளுக்காக நீங்கள் தூய்மை செய்துகொண்டால் நலமாயிருக்குமே என்ற பொருள்பட மொழிந்தார்கள்.

மற்றொன்று இப்னு அப்பாஸ் (ரலி) அவர்களுடையது, அபூதாவூதில் இடம்பெறுவது. ஈராக்கிலிருந்து வந்தோர் சிலர், ஜும்ஆக் குளிப்பு கட்டாயக் கடமையோ என வினவினர். அவர் சட்டத்தைச் சுருங்கக் கூறியபின், அது தோன்றிய கதையை விரித்துரைக்கிறார். மக்கள் வறியவர், கம்பளி உடுத்தவர், முதுகில் சுமை தூக்கி உழைத்தவர், பள்ளிவாசலோ இடுங்கியது, கூரை தாழ்ந்தது. வெப்பம் மிக்க ஒரு நாளில் அவர்தம் வியர்வை நாற்றம் ஒருவருக்கொருவர் தொல்லையாயிற்று. அப்போதுதான் குளிக்குமாறும், தம்மிடமுள்ள நல்ல எண்ணெயையும் நறுமணத்தையும் பூசிக்கொள்ளுமாறும் கட்டளை பிறந்தது. பின்னர் இறைவன் வளத்தைத் தந்தான். கம்பளியல்லாத ஆடை கிடைத்தது. உழைப்பின் சுமை குறைந்தது. பள்ளிவாசல் விரிவாக்கப் பெற்றது. வியர்வைத் தொல்லையும் ஓரளவு நீங்கிற்று என்று முடிக்கிறார்.

இவ்விரண்டையும் நம் மேடைகளில் எத்தனை முறை கேட்டிருக்கின்றோம்! ஆனால் கேட்டதெல்லாம் கட்டளையை மட்டுமே. கம்பளியும் சுமையும் தாழ்ந்த கூரையும் அங்கே உதிர்ந்துவிடுகின்றன. ஹதீதுக் கலையில், ஒரு சொல் எச்சூழலில் பிறந்தது என்று ஆராய்வது தனியொரு துறை. அத்துறையைப் பயின்ற நாமே சூழலை அறுத்துவிட்டுச் சொல்லை மட்டும் எடுத்தாளுகின்றோம். இப்னு அப்பாஸ் (ரலி) நாற்றத்துக்கு நான்கு காரணங்களைக் காட்டுகிறார்: வறுமை, ஆடை, உழைப்பு, இடநெருக்கடி. அவற்றுள் எதுவும் ஒருவரின் ஒழுக்கக்கேடு அன்று. நசரத்பேட்டை அறையில் நாம் கண்டதோ ஒழுக்கக்கேடு ஒன்றையே.

ஜாபிர் (ரலி) அறிவிக்கும் மற்றொரு செய்தியும் எண்ணத்தக்கது. அழுக்காடை அணிந்த ஒருவரைக் கண்ட பெருமானார் (ஸல்), ஆடையைத் துவைத்துக்கொள்ள இவருக்குத் தண்ணீர் கிடைக்கவில்லையா என்ற கருத்தில் வினவினார்கள். இதனைக் கண்டிப்பு என்றே பலரும் கொள்வர், கண்டிப்புத்தான். எனினும் கண்டிப்பு வினாவின் வடிவில் வந்திருப்பதையும், அவ்வினா தண்ணீரைப் பற்றியதாக இருப்பதையும் நோக்குக. அழுக்கைக் கண்ட கண் அடுத்துத் தேடவேண்டியது நீர் இருக்கிறதா என்பதையே அன்றோ?

நசரத்பேட்டைக்கு அருகில் செம்பரம்பாக்கம் ஏரி கிடக்கின்றது. 3,645 மில்லியன் கன அடி கொள்ளும் பேரேரி. சென்னையின் தாகம் தீர்ப்பது. அவ்வேரியே 2019ஆம் ஆண்டுக் கோடையில் வறண்டு வெடித்தது. அவ்வாண்டு ஜூலை 12ஆம் நாள் சோலையார்பேட்டையிலிருந்து வில்லிவாக்கத்துக்கு 50 பெட்டிகளில் 25 இலட்சம் லிட்டர் நீரை இரயிலில் ஏற்றி வரவேண்டியதாயிற்று. வழக்கமான ஆண்டுகளிலுங்கூட, ஏரியின் அண்டையில் வாடகை அறைகளில் நெருங்கி வாழ்வோர் பலர் லாரித் தண்ணீரைக் குடத்தால் அளந்தே குளிக்கின்றனர். ஏரிக்கரையில் இருப்பவர் எல்லாருக்கும் ஏரிநீர் உரியதாவதில்லை.

இவ்வாறு கூறுவதால், பக்கத்து மேசைக்காரரின் துன்பத்தை நாம் சிறிதாக எண்ணுகிறோம் என்று கொள்ளற்க. பூண்டும் வெங்காயமும் பச்சையாக உண்டவர் பள்ளிவாசலை நெருங்க வேண்டா என்ற ஆணை புகாரியிலும் முஸ்லிமிலும் உறுதிப்பட்டது. அருகிலிருப்போரின் மூக்குக்கும் உரிமை உண்டு என்பதே அதன் பொருள். ஆனால் இவ்வாணையோடு பிணைந்த ஒரு நிகழ்ச்சியை நாம் மேடையில் கேட்டதேயில்லை. முகீரா (ரலி) அவர்கள் பூண்டு உண்டபின் தொழுகைக்கு வந்தார். நாற்றத்தை உணர்ந்த அண்ணலார், உண்டவர் இன்னாரென்று சுட்டாமல் பொதுவாகவே எச்சரித்தார்கள். தொழுகை முடிந்ததும் முகீரா (ரலி) அருகே சென்று, அண்ணலாரின் திருக்கரத்தைக் கேட்டுப் பெற்று, தம் சட்டைக் கையின் வழியே தம் நெஞ்சின்மீது வைத்துக்கொண்டார். நெஞ்சில் கட்டுப் போடப்பட்டிருந்தது. பசியால் கட்டிய கட்டு என்போரும், நோயால் கட்டியது என்போரும் உரைகாரருள் உளர். தொட்டறிந்த திருக்கரம், உமக்குத் தக்க காரணம் உண்டு என்று விடையளிக்க வைத்தது. விதி மாறவில்லை, மனிதர் மட்டும் குற்றவாளியாகாமல் மீண்டார். சட்டைக்குள் என்ன இருக்கிறது என்பதை அறியுமுன் தீர்ப்புரைக்கலாகாது என்பதற்கு இதனினும் சிறந்த சான்று நாம் அறியோம்.

இனித் தமிழ் நூல்களின் பக்கம் வருவோம். பெருவாயின் முள்ளியாரின் ஆசாரக்கோவை நீராடவேண்டிய காலங்களை வரிசைப்படுத்துகிறது. உணவுக்கு முன், துயிலெழுந்த பின் என்று செல்லும் அவ்வரிசையில், கீழ்மக்கள் எனப்பட்டோரின் மெய் தீண்டியபோதும் என்று ஒன்று வந்து சேர்கிறது. நீர் இங்கே அழுக்கைக் கழுவவில்லை. ஒரு மனிதரையே அழுக்காக்குகிறது. நூலின் பழமையை மதிக்கிறோம். இக்கருத்தை மதிக்க இயலாது. நம் சமுதாயமும் இதில் கறையற்றதன்று. ஆம்பூரிலும் வாணியம்பாடியிலும் பேரணாம்பட்டிலும் தோல் பதனிடும் தொழிலின் நாற்றத்தில்தான் நம்மவர் குடும்பங்கள் பல செழித்தன; பள்ளிவாசல்களும் கல்விக்கூடங்களும் எழுந்தன. ஆயினும் ஊறல் தொட்டியில் நின்ற தொழிலாளியிடமிருந்து விலகி அமர்ந்தவர்களும் நம்முள் உண்டு.

வள்ளுவர் வேறு வழி செல்கிறார். நீரால் புறத்தூய்மை அமையும் என்ற கருத்தை அவர் வைத்திருக்கும் இடம் வாய்மை அதிகாரம். அதே அதிகாரத்தின் தொடக்கமோ, பிறருக்குத் தீங்கு பயவாத சொல்லே வாய்மை என வரையறை செய்கிறது. இவ்விரண்டையும் ஒருங்கே வைத்துப் படித்தால் நம் வினாவுக்கு விடை கிட்டுகின்றது. புறத்தூய்மை குறைந்தவருக்கு நீர் வேண்டும். அதனை எடுத்துரைப்பவருக்குத் தீங்கற்ற வாய்மை வேண்டும். முன்னவரிடம் நீரில்லை எனக் குறைகூறும் நாம், நம்மிடம் பின்னது உண்டா என்று பார்ப்பதில்லை. அத்தர்ப் புட்டி வாய்மையன்று. அது வாய்திறக்க அஞ்சியவர் கையாண்ட சூழ்ச்சி. அதனை நாமே கற்றுக்கொடுத்தோம்.

சொல்லாமல் விடுவதும் அறமாகாது. தன் உடலின் நாற்றத்துக்குத் தன் மூக்கு பழகிவிடும். ஆதலின் பலரும் அதனை அறிவதேயில்லை. வியர்வைக்கு இயல்பாக நாற்றமில்லை. அக்குளில் சுரப்பதை நுண்ணுயிர்கள் சிதைப்பதாலேயே நாற்றம் பிறக்கிறது. செயற்கை இழைச் சட்டை பருத்தியினும் மிகுதியாக அதனைப் பற்றிக்கொள்ளும். நொதியொன்றின் குறைபாட்டால் எவ்வளவு குளித்தாலும் மீன் நாற்றம் வீசும் அரிய பிறவி நோயும் உண்டு. இவற்றுள் எது காரணமென்பதை அவரே அறிந்து மருத்துவரிடம் செல்ல, எவரேனும் ஒருவர் சொல்லத்தான் வேண்டும். ஜப்பானியர் இத்தொல்லைக்குச் 'சுமெஹாரா' என்று பெயரிட்டு, அலுவலகத் துன்புறுத்தல் வகைகளுள் ஒன்றாகவே பேசத் தொடங்கிவிட்டனர். காரணம் கேட்குமுன் குற்றப்பெயர் சூட்டும் அவ்வழக்கு நமக்கு ஏற்புடையதன்று.

எவ்வாறு சொல்வது? இமாம் கஸ்ஸாலி (ரஹ்) தம் இஹ்யாவில், தோழமையின் கடமைகளை விளக்குமிடத்து, அறிவுரையையும் அவமதிப்பையும் பிரிப்பது மறைவும் பகிரங்கமுமே என்ற கருத்தைத் தெளிவுறுத்துகிறார். தனிமையில் சொன்னால் நன்மை நாடல். பலர்முன் சொன்னால் அதே சொல் இழிவுபடுத்தல். நம் மாணவரின் கதையில் சொல்லே இல்லை. ஆனாலும் இழிவு நிகழ்ந்துவிட்டது.

மாணவர் மீண்டும் சென்றார். மாலையில் எல்லாரும் கலைந்தபின் அவரிடம் முதலில் மன்னிப்புக் கேட்டார். பின்னர் உள்ளதை உள்ளபடி சொன்னார். அம்மனிதர் நெடுநேரம் பேசவில்லை. பிறகு தெரியவந்தது: காலையில் இரண்டு மணி நேரம் லாரிகளில் சரக்கேற்றத்தை மேற்பார்க்கும் பெயரில் தாமும் தோள் கொடுத்துவிட்டு, அதே சட்டையோடு மேசைக்கு வருகிறார். குடியிருப்பது அறுவர் பகிரும் அறை. கிடங்கில் கழுவுமிடம் ஒன்று உண்டு. அதன் சாவி மேலாளர்களிடம். முதுகுச் சுமை, ஆடை, நெருக்கம்! இப்னு அப்பாஸ் (ரலி) கண்ட மதீனா நசரத்பேட்டையில் இருந்தது, நமக்குத்தான் தெரியவில்லை.

1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டம், தொழிலாளர் உடல் கழுவ ஏற்ற வசதி செய்து தரவேண்டுமென 42ஆம் பிரிவிலும், உடை மாற்றி உலர்த்த இடம் அளிப்பதைப் பற்றி 43ஆம் பிரிவிலும் பேசிற்று. கிடங்கின் கணக்கறைக்கு அச்சட்டம் பொருந்துமா என்ற வழக்குக்குள் நாம் புகவில்லை. தூய்மையைக் கேட்பவன் நீரைத் தரக் கடமைப்பட்டவன் என்ற அதன் உட்கருத்து எங்கும் பொருந்தும். மாணவரும் நண்பரும் சேர்ந்தே மேலாளரிடம் சென்று சாவியைக் கேட்டனர், கிடைத்தது. மாற்றுச் சட்டையொன்று இப்போது அங்கே ஆணியில் தொங்குகிறது.

நாற்றம் முற்றும் நீங்கிவிட்டதா என்று கேட்டோம். "ஓரளவு, ஹஜ்ரத்" என்றார். இப்னு அப்பாஸ் (ரலி) கதையும் அச்சொல்லில்தானே முடிகிறது! அம்மனிதர் பகலுணவுக்கு மீண்டும் வந்துவிட்டாரா என்று அடுத்துக் கேட்டோம். வந்துவிட்டாராம். அடுத்த வெள்ளியன்று குத்பா மேடையேறும் ஆலிம் பெருமக்கள், குளிப்பின் கட்டளையை ஓதுங்கால் கம்பளியையும் தாழ்ந்த கூரையையும் சேர்த்தே ஓதுவார்களாக. முன்னர் அதனை விட்டுவிட்ட பிழை எம்முடையதுமாகும்.