வினைமுதல் இல்லாத வாக்கியங்கள்

எங்கள் தெருவில் மழைநீர் வடிகால் போட்டு ஒரு மழைக்காலம்கூட முழுசாகத் தாண்டவில்லை, இரண்டு இடத்தில் மூடி உள்ளே விழுந்துவிட்டது. தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் ஒரு மனு போட்டேன். நான் கேட்டது அந்த வேலையின் அளவுப் புத்தக நகல். ஒப்பந்த வேலைகளில் புழங்குகிறவர்கள் அதை எம்-புக் என்பார்கள். எவ்வளவு நீளம், எவ்வளவு ஆழம், எத்தனை கனமீட்டர் கான்கிரீட் என்று அளந்து எழுதி, அளந்தவர் கையெழுத்துப் போடும் நோட்டு அது. அதில் ஏறிய அளவுக்குத்தான் பணம்.

பதில் வந்தது. நியாயமாகச் சொல்ல வேண்டும், முப்பது நாளைக்குள் வந்துவிட்டது. ந.க.எண், பொருள், பார்வை என்று எல்லாம் முறைப்படி. நகலும் இணைத்திருந்தார்கள். நீளம், அகலம், ஆழம், தொகை எதையும் மறைக்கவில்லை. ஒப்பந்ததாரர் பெயர் மீதும் அளந்த பொறியாளர் பெயர் மீதும் மட்டும் கறுப்பு மை. காரணம்: தனிநபர் தகவல், பிரிவு 8(1)(ஜே).

கோபத்தோடுதான் முதலில் படித்தேன். இரண்டாம் தடவை படித்தபோது வேறொன்று பிடிபட்டது. மை அடித்த இடத்தில் மட்டுமல்ல, மை அடிக்காத இடத்திலும் ஆள் கிடையாது. பணி மேற்கொள்ளப்பட்டது. அளவுகள் சரிபார்க்கப்பட்டன. தொகை விடுவிக்கப்பட்டது. பள்ளியில் செயப்பாட்டு வினை என்று சொல்லிக்கொடுத்தது இதைத்தான். தமிழில் எழுவாயை விட்டுவிட்டு எழுதுவது வழக்கம்தான். 'நேற்று வந்தான்' என்றால் வினையின் விகுதியே வந்தவன் ஒருவன் என்று காட்டிக்கொடுத்துவிடும். 'சரிபார்க்கப்பட்டன' காட்டிக்கொடுக்காது. இலக்கணப்படி அங்கே எழுவாய் 'அளவுகள்'. செய்த ஆளை, நம் இலக்கணக்காரர்கள் வினைமுதல் என்று அழைக்கும் அந்த ஆளை, வாக்கியம் முழுக்கத் தேடினாலும் கிடைக்காது. அலுவலகத் தமிழ் மோசமான தமிழ் என்று இலக்கியவாதிகள் அலுத்துக்கொள்வதுண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. செய்ய வேண்டிய வேலையை அது கச்சிதமாகச் செய்கிறது.

தகவல் உரிமை என்பதே, என் வாசிப்பில், இந்த வாக்கியங்களுக்கு வினைமுதலைத் திரும்பக் கேட்பதுதான். அது ஆரம்பித்த விதத்தைப் பார்த்தால் இது புரியும்.

ராஜஸ்தானின் ராஜ்சமந்த் மாவட்டத்தில் தேவ்டுங்ரி என்று ஒரு சிற்றூர். 1990 மே 1 அன்று மஸ்தூர் கிசான் சக்தி சங்கடன் உருவானபோது அதன் மையம் அங்கே ஒரு மண் வீடு. சென்னையில் பிறந்து, ஐ.ஏ.எஸ். பணியை விட்டுவிட்டுப் போன அருணா ராய், நிகில் டே, சங்கர் சிங் ஆகியோரோடு அந்த வட்டார விவசாயிகளும் கூலித் தொழிலாளர்களும் சேர்ந்தார்கள். பிரச்சினை ரொம்ப எளிமையானது. பஞ்ச நிவாரண வேலைக்குப் போனவர்களுக்குக் குறைந்தபட்சக் கூலி கிடைக்கவில்லை. கேட்டால், நீங்கள் அவ்வளவு வேலை பார்க்கவில்லை, பதிவேட்டில் அப்படித்தான் இருக்கிறது என்று பதில். அப்படியானால் அந்தப் பதிவேட்டைக் காட்டு என்றார்கள். அதுதான் தொடக்கம்.

1994 டிசம்பரில், அப்போது பாலி மாவட்டத்தில் இருந்த கோட் கிரானாவில் முதல் மக்கள் விசாரணை நடந்தது. ஜன் சுன்வாயி என்பார்கள். நகல் கேட்கும் உரிமையைத் தரும் சட்டம் எதுவும் அன்றைக்கு இல்லை. கைக்குக் கிடைத்த மஸ்டர் ரோலை ஊர் நடுவில் வைத்து உரக்க வாசித்தார்கள், அவ்வளவுதான். நம்மூர் நூறு நாள் வேலையில் என்.எம்.ஆர். என்று சொல்கிறோமே, அதே வருகைப் பட்டியல். அடுத்தடுத்து நடந்த விசாரணைகளிலும் இதே முறைதான். இன்னார் இத்தனை நாள் வேலை பார்த்தார், இவ்வளவு கூலி வாங்கினார் என்று வாசிப்பார்கள். பெயருக்குரியவர் கூட்டத்தில் எழுந்து, நான் அந்த வேலைக்கே போகவில்லை என்பார். செத்துப்போனவர்கள் கூலி வாங்கியிருப்பார்கள். ஊரைவிட்டு எப்போதோ போனவர்கள் மண் சுமந்திருப்பார்கள்.

இதில் என்னை மிகவும் யோசிக்க வைப்பது ஒன்று உண்டு. அந்தப் பட்டியலில் தொகையைப் பார்த்துப் பொய்யைக் கண்டுபிடிக்க முடியாது. கூட்டல் எல்லாம் சரியாகவே இருக்கும். கள்ளக் கணக்கு எழுதுபவர் கூட்டலில் தப்புவிட மாட்டார். எழுதப் படிக்கத் தெரியாத ஒருவருக்கும் அந்த ஆவணத்தைச் சோதிக்க வாய்த்த ஒரே இடம் பெயர்தான். தன் பெயர் வாசிக்கப்படும்போது அது உண்மையா பொய்யா என்று சொல்ல அவருக்கு ஆடிட்டர் தேவையில்லை. பெயரை எடுத்துவிட்டால் அந்த விசாரணை வெறும் கணக்கு வாசிப்பு ஆகிவிடும், யாரும் எழுந்து நிற்க மாட்டார்கள்.

1996இல் பியாவரில் 40 நாள் தர்ணா. 'நம் பணம், நம் கணக்கு' என்பது அந்த இயக்கத்தின் முழக்கங்களில் ஒன்று. இடையில் நம் பக்கத்துக் கதையும் ஒன்று உண்டு. 1997இல் தமிழ்நாடு தகவல் உரிமைச் சட்டம் இயற்றியது, மாநிலங்களில் முதலாவதாக. அந்தப் பெருமையைச் சொல்பவர்கள் அதிலிருந்த விலக்குகளின் பட்டியலைச் சொல்வதில்லை; இருபதுக்கும் மேல். தராத அதிகாரிக்குத் தண்டனையும் இல்லை. 2005 அக்டோபர் 12 முதல் முழுமையாக நடைமுறைக்கு வந்த மத்தியச் சட்டம்தான் நாளுக்கு 250 ரூபாய், அதிகபட்சம் 25,000 ரூபாய் அபராதம் என்று அதிகாரிக்கும் ஒரு கவலையைக் கொடுத்தது.

அந்தச் சட்டத்தை ஒரு பிரதியாக வாசித்தால் அதன் எழுத்து நன்றாகவே இருக்கும். பழைய 8(1)(ஜே) அதற்கு நல்ல உதாரணம். தனிநபர் தகவலைத் தர வேண்டியதில்லை என்று ஆரம்பிக்கும். எப்போது? பொதுச் செயல்பாட்டோடோ பொதுநலனோடோ சம்பந்தமில்லாதபோது, அல்லது ஒருவருடைய அந்தரங்கத்தில் தேவையின்றி நுழைவதாக இருக்கும்போது. அப்போதும் பெரும் பொதுநலன் இருந்தால் தரலாம். கடைசியில் ஒரு வரி: நாடாளுமன்றத்துக்கோ சட்டமன்றத்துக்கோ மறுக்க முடியாத தகவலைச் சாதாரண ஆளுக்கும் மறுக்கக் கூடாது. எம்.எல்.ஏ.வையும் எங்கள் தெருக்காரரையும் ஒரே பெஞ்சில் உட்கார வைத்த வரி.

2023இன் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் தன் 44ஆம் பிரிவில் இதை மொத்தமாக எடுத்துவிட்டு, தனிநபர் தகவல் சார்ந்த தகவல் என்று மட்டும் வைத்தது. 2025 நவம்பரில் இது நடைமுறைக்கு வந்தது. நிரல் எழுதுகிறவன் பாஷையில் சொன்னால், நிபந்தனைகளை அழித்துவிட்டு 'இல்லை' என்ற விடையை மட்டும் வைத்திருக்கிறார்கள். எடைபோட்டுப் பார் என்று சொன்ன சட்டம் இப்போது பெயர் இருக்கிறதா என்று மட்டும் பார்க்கச் சொல்கிறது.

எதிர்வாதத்தை நான் லேசாகத் தள்ள முடியாது, அதில் பாதி என் சொந்த வாதம். என் வேலையில் பெயர், செல்பேசி எண், முகவரி எல்லாம் மறைக்க வேண்டிய பத்திகள். மறைக்காமல் விட்டால் நானே சண்டை போடுவேன். அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று 2017இல் உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் சொன்ன தீர்ப்பு என்னைப் போன்றவர்களுக்குப் பெரிய நிம்மதி. தவிர, பழைய பிரிவும் தங்கமாக இருக்கவில்லை. 2012இல் கிரிஷ் தேஷ்பாண்டே வழக்கில் ஓர் அரசு ஊழியரின் பணி விவரங்களும் சொத்து விவரங்களும் தனிநபர் தகவல் என்று தீர்ப்பானது. அலுவலகங்கள் அதைக் குடைபோல விரித்துக்கொண்டன. எல்லாம் சரி. ஆனால் நான் மறைக்கும் பெயர் வாடிக்கையாளருடையது, எம்-புக்கில் மறைத்த பெயர் பொதுப்பணத்தைப் பெற்றவருடையது. இரண்டையும் பிரித்துப் பார்க்கத்தான் அந்த நிபந்தனைகள் இருந்தன. 2018இல் நீதிபதி ஸ்ரீகிருஷ்ணா குழு தந்த வரைவும் இந்தப் பிரிவைத் திருத்தியது. ஆனால் பொதுநலனையும் பாதிப்பையும் நிறுத்துப் பார்க்கும் தராசை அது தூக்கிப்போடவில்லை.

பிரிவு 8(2) இன்னும் இருக்கிறதே என்கிறது அரசு. இருக்கிறது, பாதிப்பைவிடப் பொதுநலன் பெரிது என்றால் அலுவலகம் தகவலைத் தரலாம். தரலாம், அவ்வளவுதான். இதில் ஒரு சங்கடமும் உண்டு. தகவல் கேட்பவர் காரணம் சொல்ல வேண்டியதில்லை என்கிறது பிரிவு 6(2). இனி பொதுநலனை நிரூபிக்கும் பாரம் கேட்பவர் தலையில் விழுந்தால் அவர் காரணத்தைச் சொல்லித்தானே ஆக வேண்டும்? எதற்காகத் தோண்டுகிறேன், யார்மீது சந்தேகம் என்று பெயர் முகவரியோடு எழுதிக் கொடுக்க வேண்டும். 2010 ஜனவரியில் புனே அருகே தலேகாவில் சதீஷ் ஷெட்டி கொல்லப்பட்டார். அதே ஆண்டு ஜூலையில் குஜராத் உயர் நீதிமன்றத்துக்கு அருகில் அமித் ஜேத்வா சுட்டுக் கொல்லப்பட்டார். இருவரும் ஆவணங்களைக் கேட்டவர்கள். யாருடைய பெயருக்குப் பாதுகாப்பு வேண்டும் என்று யோசித்தவர்கள் இவர்களை யோசித்ததாகத் தெரியவில்லை.

வேடிக்கை என்னவென்றால் அதே சட்டத்தின் நான்காம் பிரிவில் யாரும் கைவைக்கவில்லை. அதிகாரிகளின் பெயர்ப் பட்டியல், அவர்கள் மாதச் சம்பளம், மானியத் திட்டப் பயனாளிகளின் விவரம், அனுமதியும் சலுகையும் பெற்றவர்களின் விவரம் என எல்லாவற்றையும் யாரும் கேட்காமலே வெளியிட வேண்டும் என்று அது இன்னமும் சொல்கிறது. ராஜஸ்தானில் 2019இல் தொடங்கிய ஜன் சூச்னா இணையதளம் இந்தப் பிரிவின் குழந்தை. கேட்காமலே கொடு என்று ஒரு பக்கமும், கேட்டால் கொடுக்காதே என்று இன்னொரு பக்கமும் ஒரே சட்டத்தில். எந்தப் பக்கத்தைத் திறப்பது என்பது அதிகாரியின் கையில். எங்கள் அலுவலகம் எதைத் திறந்தது என்று சொல்லிவிட்டேன்.

முதல் மேல்முறையீட்டை எழுதி முடித்துவிட்டேன். அதில் செயப்பாட்டு வினையே வரக்கூடாது என்று ஒரு பிடிவாதம். நான் கேட்டேன், நீங்கள் மறைத்தீர்கள், இன்னார் அளந்தாரா என்று நேராகவே எழுதினேன். இணைப்பாக ஒரு புகைப்படம் வைத்திருக்கிறேன். தெருமுனையில் வேலை நடந்தபோது நட்ட பலகை இன்னும் அங்கேயே நிற்கிறது. பணியின் பெயர், மதிப்பீடு, அதற்குக் கீழே மஞ்சள் பெயிண்டில் ஒப்பந்ததாரர் பெயர். மழைக்கு ஓர் எழுத்துகூட அழியவில்லை.