நிலையாமைக்குள் நித்தியம்

கிறிஸ்தவத்தின் காலம் கோடு, சைவத்தின் காலம் வட்டம் என்ற வாய்ப்பாடு நம் இலக்கியக் கூட்டங்களில் கேட்பாரில்லாமல் உலவுகிறது. படைப்பில் புறப்பட்டு நியாயத்தீர்ப்பில் முடிகிற கோடு ஒருபுறம், யுகம் யுகமாகச் சுழலும் சக்கரம் மறுபுறம். இதிலிருந்து ஒரு தீர்ப்பும் உடனே பிறந்துவிடுகிறது: தமிழ்க் கிறிஸ்தவ எழுத்து நமது காலவுணர்வுக்கு அந்நியம், ஆகவே அதன் பெருமை செய்யுள் நடையோடு முடிந்துவிடுகிறது என்று. வாய்ப்பாடு பிழை. தீர்ப்பு அதைவிடப் பெரிய பிழை.

அளவெட்டியில் இருந்துகொண்டு அந்த வாய்ப்பாட்டை ஒப்புக்கொள்வது இன்னும் கடினம். தவில் மேதை தட்சிணாமூர்த்தி வாழ்ந்த ஊர் இது. ஆதி தாளத்தின் எட்டு எண்ணிக்கை மீண்டும் மீண்டும் வருகிறது. ஆனால் கோர்வை சமத்தில் வந்து விழுகிற கணத்தில், புறப்பட்ட இடத்துக்கே திரும்பிவிட்டோம் என்று கேட்டிருந்த எவரும் சொல்வதில்லை. கடந்து போனதெல்லாம் அந்த ஒரு தட்டில் கூடி நிற்கிறது. திருவிழா இரவுகளில் கோயில் வீதி மணலில் இருந்து தவில் கேட்டு வளர்ந்த செவிக்குக் கோடும் போதாது, வட்டமும் போதாது.

சைவத்தையே எடுத்துக்கொள்வோம். சித்தாந்தத்தின் முப்பத்தாறு தத்துவங்களில் காலமும் ஒன்று. அது மாயையிலிருந்து தோன்றுவது, ஒடுங்குவது. சிவம் அதற்கு அப்பால் நிற்பது. ஐந்தாம் நூற்றாண்டின் முன்வாசலில் நின்று அகுஸ்தீனார் சொன்னதும் இதற்கு வெகு தொலைவில் இல்லை. உலகம் காலத்துக்குள் படைக்கப்படவில்லை, காலமும் உலகத்தோடு சேர்ந்தே படைக்கப்பட்டது என்றார் அவர். இரு மரபுகளும் அடித்தளத்தில் இவ்வளவு நெருங்கி வருகையில், மேலே கோடும் வட்டமும் கீறிப் பிரிப்பது சோம்பேறித்தனமான ஒப்பியல்.

தொடக்க காலத்தை விரைவாகக் கடந்துவிடலாம். வீரமாமுனிவரின் தேம்பாவணி (1726) வானுலகை ஒரு பெருநகரமாகக் கட்டி எழுப்புகிறது. கட்டுமானம் வியப்பூட்டுவது, ஆனால் அங்கே நித்தியம் என்பது முடிவில்லாத அலங்காரம்தான். தஞ்சை வேதநாயகம் சாஸ்திரியார் பெத்லகேம் குறவஞ்சியில் (1800) கோள்களின் நடையையும் பூகோளத்தையும் குறத்தியின் வாயில் வைத்தார். காலத்தை அளக்கும் புதிய அறிவு தமிழ்ப் பாட்டுக்குள் கூச்சமின்றி நுழைந்த இடம் அது. அந்தத் துணிவை அவருக்குப் பின் வந்தவர்கள் கைவிட்டார்கள். எச். ஏ. கிருஷ்ணபிள்ளையின் இரட்சணிய யாத்திரிகம் (1894) பன்யனின் பயணக் கதையைக் கம்பனின் மொழியில் நடத்தியது. நடையின் மேன்மையை மறுக்க எனக்கு மனம் இல்லை. ஆனால் யாத்திரிகனுக்கு வழியில் உள்ள எதுவும் சொந்தமில்லை. கடந்த ஊர் கடந்த ஊர்தான். நித்தியம் பாதையின் கடைசியில் இருக்கிற வாசல் என்ற எண்ணத்தைத் தமிழ்ப் புராட்டஸ்தாந்த மனதில் ஆழ ஊன்றியது இந்தக் காவியமே. கோட்டு வாய்ப்பாட்டுக்காரர் கையில் எடுக்கும் ஒரே சான்றும் இதுவே.

யாழ்ப்பாணத்தில் கதை வேறு மாதிரி நடந்தது. அமெரிக்க மிஷன் 1816இல் தெல்லிப்பழைக்கு வந்தது. எங்கள் ஊருக்கு அடுத்த ஊர். 1823இல் வட்டுக்கோட்டைச் செமினரி. அங்கே கிறிஸ்தவமும் சைவமும் நேருக்கு நேர் மோதிய களங்களுள் பஞ்சாங்கமும் ஒன்று. 1829இல் வந்த ஒரு சந்திரகிரகணத்துக்கு அராலி விசுவநாத சாஸ்திரியார் கணித்த நேரமும் செமினரி அதிபர் டானியல் பூர் கணித்த நேரமும் நிமிடக் கணக்கில் வேறுபட்டன. கிரகணம் பூரின் கணக்குப்படியே பிடித்தது. மிஷன் வரலாறுகள் இதை ஒரு வெற்றியாகவே எழுதி வைத்திருக்கின்றன.

எதன் வெற்றி? நிமிடத்தைச் சரியாகச் சொன்னவன் நித்தியத்தையும் சரியாகச் சொல்வான் என்று செமினரி நம்பியது. அந்த நம்பிக்கை அன்று மாணவருக்கும் தொற்றியது. மணிக்கூட்டை வேதத்துக்குச் சாட்சியாக நிறுத்தியதால் வந்த வினை இது: மணிக்கூட்டைச் சைவரும் வாங்கிக்கொண்டார்கள், வேதம் அவர்களுக்கு அப்பாலேயே நின்றது. இன்று வாக்கியப் பஞ்சாங்கமும் திருக்கணித பஞ்சாங்கமும் வருடப்பிறப்பின் நேரத்தை வெவ்வேறாகச் சொல்ல, யாழ்ப்பாண வீடுகள் இரண்டையும் வைத்துக்கொண்டு மருத்துநீர் வைக்கின்றன. அந்த மிஷனரிமாரில் ஒருவரை மட்டும் நான் விலக்கிச் சொல்வேன். எச். ஆர். ஹொய்சிங்டன் நம்மவரின் சோதிடக் கணிதத்தை மதித்துக் கற்று 1848இல் அதுபற்றி நூல் வெளியிட்டார். சிவஞானபோதத்தை ஆங்கிலத்தில் தந்தவரும் அவரே. வெல்ல வந்தவர் மாணவராக இருந்து பார்த்த அரிய சந்தர்ப்பம் அது.

கத்தோலிக்கக் கரையூர்களில் நித்தியம் வேறு வாசலால் வந்தது. கோவாவிலிருந்து 1705இல் இலங்கை வந்த யாக்கோமே கொன்சால்வெஸ் அடிகள், ஒல்லாந்தர் ஆட்சியில் கத்தோலிக்கம் ஒடுக்கப்பட்டிருந்த காலத்தில், கிறிஸ்துவின் பாடுகளைச் சொல்லும் வியாகுலப் பிரசங்கத்தை எழுதினார். இலக்கிய வரலாறுகள் அதற்கு ஒரு வரி ஒதுக்குகின்றன. எனக்கு அது தேம்பாவணியைவிடப் பெரிய நிகழ்ச்சி. தபசு காலத்தில் அதை வாசிப்பதற்கென்று ஒரு ராகம் உண்டு. வாசிப்பவர் குரல் இழுபட்டு இழுபட்டுப் போய் ஓரிடத்தில் உடையும். கேட்டிருக்கும் பெண்கள் அங்கே மூக்கைச் சிந்துவார்கள். மன்னார் பேசாலையில் உடக்குப் பாஸ் உருவங்களைக் கொண்டு அதே பாடுகளைக் காட்டுகிறது. என்றோ எருசலேமில் இறந்த ஒருவருக்காக நினைவுகூட்டம் வைக்கிற பாவனை இவற்றில் இல்லை. சாவு இன்று நடக்கிறது, தாய் இன்று அழுகிறாள். செத்தவீட்டு ஒப்பாரியில் இறந்தவரை முன்னிலையில் வைத்துக் கேள்வி கேட்கிற அதே இலக்கணம். போன காலம் போகாமல் நிற்பதற்குத் தமிழில் முன்பே ஒரு மொழி இருந்தது. கொன்சால்வெஸ் அதைக் கண்டுபிடித்து அதில் சுவிசேஷத்தை வைத்தார்.

சொல்லின் கதையும் இதற்குள் வரவேண்டும். ஆயர் சபாபதி குலேந்திரன் 1967இல் எழுதிய கிறிஸ்தவ தமிழ் வேதாகமத்தின் வரலாறு, ஒவ்வொரு மொழிபெயர்ப்புக்குப் பின்னாலும் எத்தனை தலைமுறைச் சண்டை கிடக்கிறது என்பதைக் காட்டியது. புராட்டஸ்தாந்தர் நாவில் ஊறிய சொல் ‘நித்திய ஜீவன்’. 1995இல் வந்த பொது மொழிபெயர்ப்பு அதை ‘நிலைவாழ்வு’ என்றாக்கியது. தூய தமிழ் ஆசை என்று சிலர் இதை ஒதுக்குகிறார்கள். நான் இதைக் கொண்டாடுகிறேன். காஞ்சித்திணை தொடங்கி, குறளின் ஓர் அதிகாரமாகி, பட்டினத்தார் வரை நீண்ட நிலையாமை மரபு முழுவதற்கும் எதிரில் போய் நிற்கிற சொல் இது. நிலையாமையை நன்றாக அறிந்த மொழிக்கே நிலைவாழ்வு என்ற சொல்லின் துணிச்சல் விளங்கும்.

இனி, இக்கட்டுரையை எழுத வைத்தவரிடம் வருகிறேன். டி. ரி. நைல்ஸ் 1908இல் தெல்லிப்பழையில் பிறந்தவர், மெதடிஸ்த போதகர். உலகத் திருச்சபைகள் மன்றத்தின் முதற் பேரவையில், 1948இல் அம்ஸ்டர்டாமில், பிரசங்கித்தவர். மார்ட்டின் லூதர் கிங் கொல்லப்பட்ட 1968இல், அவர் பேசியிருக்கவேண்டிய உப்சாலாப் பேரவையில் அவரிடத்தில் நின்று பேசியவர். தமிழ்க் கிறிஸ்தவ இலக்கிய வரலாறு அவரை எண்ணுவதில்லை. காரணம், ஆங்கிலத்தில் எழுதினார். சுவாமி ஞானப்பிரகாசரின் ஆங்கிலத்தை நமதென்று ஏற்றவர்களுக்கு இவருடைய ஆங்கிலம் ஏன் கசக்கிறதோ தெரியவில்லை.

1946இல் அவர் வெளியிட்ட நூலின் பெயரைத் தமிழில் ‘நித்திய வாழ்வு, இப்போதே’ என்று சொல்லலாம். பௌத்தருக்குச் சொல்ல எழுதிய நூல் அது. அநிச்சம், துக்கம், அநாத்மம் என்ற அவர்களுடைய சொற்களைப் பழிக்காமல் எடுத்து, அவற்றின் வழியே பேசிப் பார்க்கிறது. எல்லாம் கழிந்துபோகிறது என்பதை முதலில் ஒப்புக்கொள்கிறது. பிறகு, கழிந்துபோகிற இந்த நாளுக்குள்தான் நித்தியம் தொடங்குகிறது என்கிறது. யாத்திரிகனின் கடைசி வாசல் இங்கே முற்றத்துக்கு வந்துவிட்டது.

அதே 1946இல் ஒஸ்கர் குல்மனின் ‘கிறிஸ்துவும் காலமும்’ ஐரோப்பாவில் வெளிவந்தது. இன்று நம் கூட்டங்களில் உலவும் கோட்டு வாய்ப்பாட்டுக்கு வலுவூட்டியது அந்த நூல்தான். அதன் சொல்லாராய்ச்சி அடித்தளத்தை 1962இல் ஜேம்ஸ் பார் ஆட்டிவிட்டார் என்பதை வாய்ப்பாட்டுக்காரர் சொல்வதில்லை. ஆனால் குல்மனிடம் ஓர் உவமை இருக்கிறது, அதை நான் விடமாட்டேன். போரைத் தீர்மானிக்கும் சமர் முடிந்துவிட்டது, வெற்றி நாள் இன்னும் வரவில்லை, இடையில் உள்ள காலத்தில் வாழ்கிறோம் என்பது அது. தீர்மானமான சமர் முடிந்த பின்னும் போர் முடியாத ஊர்களில் இருந்து வாசிப்பவருக்கு இந்த உவமை வேறு கனம் கொள்கிறது.

இந்த இடைக்காலத்தைத் தமிழ்க் கிறிஸ்தவ எழுத்து எழுதவேண்டும் என்பதே என் வழக்கு. இப்போது நடப்பது வேறு. கடைசிக் காலத்தின் அடையாளங்களைப் பட்டியலிடும் துண்டுப் பிரசுரங்களும் இரவுக் கூட்டங்களும் பெருகிவிட்டன. போரையும் சுனாமியையும் கணக்கில் சேர்த்து முடிவுக்கு நாள் குறிக்கிறார்கள். 1829இன் கிரகணக் கணக்கே திரும்பி வந்திருக்கிறது, அந்தக் கணக்கின் துல்லியம் இல்லாமல். இறந்தவர்களை அடையாளங்களாக எண்ணுகிற எழுத்தில் கொன்சால்வெஸின் தாய்க்கு இடமில்லை.

எங்கள் அம்மம்மாவின் வேதாகமத்தில் பழைய ஏற்பாட்டுக்கும் புதிய ஏற்பாட்டுக்கும் இடையே குடும்பக் குறிப்புக்கென விட்ட தாள்கள் உண்டு. பிறப்பு, விவாகம், மரணம் என்று தலைப்பு. மரணத்தின் கீழ், அவருடைய தம்பியின் பெயருக்கு அடுத்த வரியில், 30.10.1995 என்று மட்டும் இருக்கிறது. பெயர் இல்லை. வலிகாமம் முழுவதும் தென்மராட்சிக்கு நடந்த இரவு அது. அந்த வேதாகமமும் ஒரு சீனிப் பையில் சுற்றப்பட்டு மழையில் நனைந்து போனது, விளிம்பெல்லாம் இன்னும் பழுப்பு. அடுத்த வருடம் ஊர் திரும்பினோம். வடக்கே இருந்த தோட்டக்காணி உயர்பாதுகாப்பு வலயத்துக்குள் போய்விட்டிருந்தது. திரும்பி வந்த திகதியை ஏன் எழுதவில்லை, எந்தத் தலைப்பின் கீழ் எழுதுவது என்று தெரியவில்லையோ என்று பல வருடங்களுக்குப் பிறகு கேட்டேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தபடி, “இன்னும் முழுக்க வந்து சேரேல்லை மோனை. இடம் விட்டு வைச்சிருக்கிறன்” என்றார்.