திரும்பி வந்த தந்தை

ஊதாரியாய் அலைந்து மனந்திரும்பிய மகனையும், அவனைக் கண்டதும் ஓடிச் சென்று தழுவிய தந்தையையும் லூக்கா நற்செய்தியின் 15ஆம் அதிகாரத்தால் நாம் அறிவோம். ஊதாரி தந்தையாகவும், அவர் வரவுக்குக் காத்திருப்பவள் ஒன்பது வயது மகளாகவும் இருந்தால் என்னாகும்? அமெரிக்க எழுத்தாளர் எஃப். ஸ்காட் ஃபிட்ஜெரால்டு 1931இல் வெளியிட்ட ‘பாபிலோன் ரீவிசிட்டட்’ என்னும் சிறுகதை இவ்வினாவையே எழுப்புகிறது.

கதைத் தலைவர் சார்லி, குடியாலும் களியாட்டத்தாலும் அழிந்தவர். மனைவி இறந்துவிட்டாள். சிகிச்சை விடுதியில் கிடந்த நாளில், மகள் ஹொனோரியாவை மைத்துனி மேரியனின் பாதுகாப்பில் விட இசைந்தவர், இப்போது நலம் பெற்று, பிராகாவில் நல்ல வருவாயோடு வாழ்கிறார். மகளைத் திரும்பக் கேட்டுப் பாரிசுக்கு வருகிறார்.

மேரியனைக் கல்நெஞ்சக்காரி எனத் தீர்ப்பிடும் வாசகர் பலர். எனக்கு அதில் உடன்பாடில்லை. உவமையின் மூத்த மகனைப் போன்றவள் அவள். வீட்டில் இருந்து உழைத்தவள், கசந்துபோனவள். தங்கள் வீட்டில் உண்டு உறங்கும் குழந்தையை அவள் எதை நம்பி அனுப்புவாள்? ஒப்புரவு அருட்சாதனத்தில் பாவமன்னிப்பு ஒரு நொடியில் கிடைக்கிறது. அம்மன்னிப்புக்கு ஆள்வோர் உறவினர் அல்லர். அவர்களது நம்பிக்கை நாள்தோறும் ஈட்டப்பட வேண்டியது.

ஆசிரியரின் நுட்பம் தொடக்கக் காட்சியிலேயே உள்ளது. மதுவிடுதியில் நிற்கும் சார்லி, பழைய குடித்தோழர் ஒருவரிடம் சேர்ப்பிக்குமாறு மைத்துனியின் முகவரியை எழுதித் தருகிறார். பிறகு, எல்லாம் கைகூடும் வேளையில், அத்தோழர் குடிபோதையில் அவ்வீட்டினுள் நுழைகிறார். மேரியன் மனம் மாறிவிடுகிறாள். வந்த வினை வெளியிலிருந்து வந்ததன்று. நாளுக்கு ஒரு கோப்பை என்னும் சார்லியின் கட்டுப்பாட்டையும் நான் ஐயத்தோடுதான் வாசிக்கிறேன்.

ஆயினும் கதையின் உயிர் தந்தையும் மகளும் உணவகத்தில் அமரும் காட்சியே. முன்பின் அறியாத இருவர்போல் ஒருவரையொருவர் அறிமுகம் செய்துகொண்டு விளையாடுகின்றனர். சிறுமி சிரித்துக்கொண்டே ஈடுகொடுக்கிறாள். உண்மையிலேயே அவர்கள் அறிமுகமற்றவர்களாகிவிட்டனர் என்பதை அவ்விளையாட்டு மறைக்கவில்லை. இத்தகைய சந்திப்புகள் இன்னும் பல வேண்டியிருந்தன. சார்லியோ குழந்தையை உடனே முழுமையாகக் கேட்கிறார். கிடைப்பது ஆறு மாதக் காத்திருப்பு.

நம் நாட்டில் 1890ஆம் ஆண்டின் பாதுகாவலர் சட்டம் குழந்தையின் நலனையே முதன்மையாய்க் கருதுகிறது. குழந்தை ஒருவரிடம் இருப்பினும் மற்றவரைச் சந்திக்கும் வாய்ப்பு போதிய அளவு வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2020இல் யஷிதா சாகு வழக்கில் வலியுறுத்தியது. பெற்றோர் இருவரின் அன்பும் குழந்தைக்குரிய உரிமையாம். சார்லி கேட்கத் தவறியது இதைத்தான்.

மரக்காணம் உப்பளக் கரையில் இக்கதையை வாசிப்பவருக்குச் சார்லியின் வங்கிக் கணக்கு அந்நியமாகத் தோன்றும். 2023 மே மாதம் எக்கியார்குப்பத்தில் மெத்தனால் கலந்த சாராயம் உயிர்களைக் குடித்தபோது, இறந்தோரின் தொகை நாளேடுகளில் வந்தது. குடியை விட்டு உயிரோடு மீண்டவனைப் பற்றி எந்நாளேடும் எழுதுவதில்லை. மழைக்காலத்தில் பாத்திகள் நீரில் மூழ்கக் கூலியும் நின்றுபோகும் அவன், மாமியார் வீட்டு வாயிலில் எதைக் காட்டித் தன் பிள்ளையைக் கேட்பான்? ஃபிட்ஜெரால்டு இவ்வினாவைத் தொடவில்லை. செல்வம் மீண்டவருக்கு மட்டுமே அவர் கதை எழுதினார்.

எனினும் இது வெறும் கற்பனையன்று. 1930இல் அவர் மனைவி செல்டா நோயுற்று மருத்துவமனையில் இருந்தபோது, மைத்துனி ரோசலிண்டு, மகள் ஸ்காட்டியை வளர்க்க அவர் தகுதியற்றவர் எனக் கருதினார். ஃபிட்ஜெரால்டு குடியை முற்றிலும் வென்றவரல்லர். 1940இல் இறந்தபோது, சமயக் கடமைகளைக் கைவிட்ட கத்தோலிக்கர் எனக் கூறி, மேரிலாந்து மாநிலத்தின் ராக்வில் நகரிலுள்ள புனித மரியா கல்லறையில் அவருக்கு இடம் மறுக்கப்பட்டது. மகள் ஸ்காட்டியின் முயற்சியால் 1975இல் பெற்றோர் இருவரின் உடல்களும் அங்கு மாற்றி அடக்கம் செய்யப்பட்டன.