தோற்ற அணியும் தூற்றும் நாவும்

வென்றவரை வாழ்த்துவதற்கு யாரும் கற்றுத்தர வேண்டுவதில்லை. தோற்றவரிடம் எவ்வாறு பேசுவது என்பதே கற்க வேண்டிய கலை. அக்கலையைத் தமிழ் இலக்கியம் நெடுங்காலம் பேணி வளர்த்துள்ளது. மன்னரைப் புகழ்ந்து பரிசில் பெற்ற புலவர் பலர். எனினும், மன்னனின் தவற்றை அவன் முகத்துக்கு நேரே எடுத்துரைத்த புலவரையே தமிழுலகம் இன்றும் தனியாக எண்ணிப் போற்றுகிறது.

அம்மரபினை அளவுகோலாகக் கொண்டு, சிங்கப்பூர் மக்களின் நாவில் பல தலைமுறையாக வழங்கிவரும் ஒருவகைப் பேச்சினை மதிப்பிடுவதே இக்கட்டுரையின் நோக்கமாகும். அது ஏட்டில் எழுதப்பெற்ற இலக்கியம் அன்று. தொடர்ந்து தோற்கும் தம் காற்பந்து அணியை நோக்கி இரசிகர்கள் தொடுக்கும் ஏசல் அது. ஏசலுக்கும் இலக்கணம் உண்டோ என வினவலாம். உண்டு என்பதே தொல்காப்பியர் தரும் விடை. செய்யுளியலில் அவர் அங்கதத்தைச் செம்பொருள் என்றும் கரந்தது என்றும் இரண்டாகப் பகுத்தார். வெளிப்படையாக வைவது முன்னது. பழியை மறைத்து மொழிவது பின்னது. இவற்றின் வேறாக, வேம்புபோல் முதலிற் கைத்துப் பின்னர் நலம் பயக்கும் சொல்லை ‘வாயுறை வாழ்த்து’ என்றார். இம்மூன்றும் சிங்கப்பூர் விளையாட்டரங்கின் படிக்கட்டுகளில் இன்றும் கேட்கின்றன.

களமும் காலமும்

சிராங்கூன் சாலையிலிருந்து சற்றுத் தொலைவு நடந்தால் ஜாலான் புசார் விளையாட்டரங்கத்தை அடையலாம். 1929இல் திறக்கப்பெற்ற அவ்வரங்கம், 1973இல் கல்லாங்கில் தேசிய விளையாட்டரங்கம் எழும்வரை இந்நாட்டுக் காற்பந்தின் தலையாய களமாக விளங்கியது. அருகிலேயே ஆட்டக்காரர் பலர் ஆடிப் பழகிய ஃபேரர் பார்க் திடல். ஆட்டம் முடிந்த இரவுகளில் தேக்காவின் கோப்பிக்கடைகளில் அதே ஆட்டம் மீண்டும் ஒருமுறை நாவினால் ஆடப்படும். களத்தில் தொண்ணூறு நிமிடம். கடையில் அதற்கு எல்லையில்லை.

மலாயாக் கிண்ணப் போட்டி தொடங்கிய 1921இலேயே அதனை வென்ற அணி சிங்கப்பூர் அணி. 1965இல் வென்றபின் அடுத்த வெற்றிக்குப் பன்னிரண்டு ஆண்டுகள் காத்திருக்க நேர்ந்தது. 1975இலும் 1976இலும் இறுதியாட்டம் வரை சென்று, இருமுறையும் சிலாங்கூரிடம் தோற்றது. 1977இல் சூ செங் குவீ பயிற்றுவிக்க, சமது அல்லாபிச்சை தலைமையேற்க, பினாங்கை 3-2 என்ற கோல் கணக்கில் வென்று கிண்ணத்தை மீட்டது. 1992இல் அணி இரண்டாம் பிரிவுக்கு இறக்கப்பட்டது. 1994இல் பகாங்கை 4-0 என வீழ்த்தி மீண்டும் கிண்ணத்தைக் கைப்பற்றியது. அடுத்த ஆண்டே மலேசியப் போட்டிகளிலிருந்து சிங்கப்பூர் விலகியது. 1996இல் தனக்கெனத் தொழில்முறை லீக் கண்டது. 1998, 2004, 2007, 2012 ஆகிய ஆண்டுகளில் தென்கிழக்காசிய வாகையர் பட்டமும் பெற்றது.

அதன்பின் வந்ததுதான் நெடிய இருட்டு. 2014, 2016, 2018 ஆகிய மூன்று தென்கிழக்காசியப் போட்டிகளிலும் குழுச் சுற்றோடு வெளியேற்றம். 2017இல் சொந்த மண்ணில் சீனத் தைப்பேயிடம் 1-2 எனத் தோல்வி. அவ்வாசியக் கிண்ணத் தகுதிச் சுற்றில் ஒரு வெற்றியும் இன்றிக் குழுவின் கடைசி இடம். 2010ஆம் ஆண்டு உலகக் கிண்ண இறுதிச் சுற்றில் ஆடுவதே குறிக்கோள் என 1998இல் முழங்கிய நாட்டுக்கு இந்நிலை எவ்வளவு கசந்திருக்கும்! இரசிகரின் சினத்தை எடைபோடுமுன் இக்கசப்பினை உணர்தல் வேண்டும்.

வெளிப்படை வசை

கல்லாங்கின் புகழ்பெற்ற முழக்கங்களுள் ஒன்று ‘ரெஃப்ரி காயு’ என்பது. மலாய் மொழியில் ‘காயு’ என்றால் மரம். நடுவரை மரம் என்று அழைத்து ஆயிரக்கணக்கானோர் ஒரே குரலில் ஆர்ப்பரிப்பர். மூதுரை பாடிய ஔவையாரும், சபை நடுவே நீட்டிய ஓலையை வாசிக்கத் தெரியாது நிற்பவனை மரம் என்றே குறித்தார். இனம் வேறு, மொழி வேறாயினும் வசைக்கு வாய்த்த உவமை ஒன்றாய் இருப்பது வியப்பே. இத்தகைய வசையில் நஞ்சில்லை. கூட்டத்தின் வெம்மை அதில் வெளியேறுகிறது. ஆட்டம் முடிந்ததும் அதுவும் முடிகிறது.

ஆயின், வசை ஒரு தனி மனிதன்மீது நிலையாகத் தங்கிவிடுமானால் அது கொடுமையாகும். இதற்கு வளைகோற்பந்து வரலாற்றிலிருந்து ஒரு சான்று காட்டலாம். 1928 முதல் 1956 வரை ஒலிம்பிக்கில் தொடர்ந்து ஆறு தங்கம் வென்றது இந்தியா. அப்பெருமையில் வளர்ந்த இரசிகர்கள், 1982இல் டில்லியில் நடந்த ஆசிய விளையாட்டு இறுதியாட்டத்தில் தம் அணி பாகிஸ்தானிடம் 1-7 எனத் தோற்றதைக் கண்டனர். ஏழு கோல்களுக்கும் ஒருவரே காரணம் எனக் கோல் காவலர் மிர் ரஞ்சன் நேகியின்மேல் பழி விழுந்தது. தோற்றவர் என்பதோடு நில்லாது, விலைபோனவர் என்றும் தூற்றினர். பதினோருவர் ஆடிய ஆட்டத்தின் தோல்வியை ஒருவர் பல்லாண்டு சுமந்தார். 1998இல் தன்ராஜ் பிள்ளை தலைமையில் இந்தியா ஆசியத் தங்கத்தை மீட்டபோது, அவ்வணியின் கோல் காவலர்களைப் பயிற்றுவித்தவர் அதே நேகி. தூற்றிய நாக்குகள் அவர் இழந்த ஆண்டுகளைத் திருப்பித் தந்தனவா? இல்லை. வசையின் பெருங்குறை இதுவே: அது காரணத்தைத் தேடுவதில்லை; ஆளைத் தேடுகிறது.

கரந்த பழி

இரண்டாம் வகை எள்ளல். எதிரணி பந்தைத் தட்டித் தட்டி விளையாடும்போது தம் அணியை நாணச்செய்யக் கைதட்டுவோர் உண்டு. ‘இன்று மூன்று கோலோடு விட்டார்களே, முன்னேற்றம்தான்’ என்று கோப்பிக்கடையில் மொழிவோரும் உண்டு. கேட்கச் சுவையான பேச்சுத்தான்.

தொண்டைமானிடம் தூது சென்ற ஔவையார் இக்கலையில் வல்லவர். பீலி சூட்டி, நெய் பூசிப் பளபளக்கும் தொண்டைமானின் படைக்கலங்களைப் பாராட்டுவார்போல் பாராட்டினார். அதியமானின் படைக்கலங்களோ நுனி முறிந்து கொல்லன் உலைக்களத்தில் கிடக்கின்றன என்றார். ஒன்று போர் காணாதது, மற்றது போரில் தேய்ந்தது என்பதைச் சொல்லாமற் சொல்லிய அந்நயம் மாணவர் அறிந்ததே. அங்கே எள்ளலுக்கு ஒரு பயன் இருந்தது. ஒரு போரைத் தடுக்கவே அவர் அவ்வாறு பேசினார். கோப்பிக்கடை எள்ளல் எதனைத் தடுக்கிறது? சிரிப்பைத் தவிர அதற்கு வேறு நோக்கமில்லை. மேலும், எள்ளுபவர் தம்மை அணியினின்றும் பிரித்துக்கொண்டு உயரத்தில் அமர்ந்துகொள்கிறார். தோல்வியின் வலி தம்மைத் தீண்டாதிருக்க அவர் கட்டிக்கொண்ட வேலியே அந்த எள்ளல்.

2024 ஜூன் திங்களில் நிகழ்ந்த ஒன்று இதனைத் தெளிவாக்கும். பாங்காக்கில் தாய்லாந்திடம் சிங்கப்பூர் 1-3 எனத் தோற்றது. தாய்லாந்து இன்னும் ஒரு கோல் அடித்திருந்தால் சீனா உலகக் கிண்ணத் தகுதிப் போட்டியினின்று வெளியேறியிருக்கும். கோல் காவலர் ஹசான் சன்னி பந்துகளை அடுத்தடுத்துத் தடுத்ததால் சீனா தப்பியது. அந்நாட்டு இரசிகர்கள் தெம்பனிசில் அவர் நடத்திய நாசி லெமாக் கடைக்குத் திரண்டுவந்து நன்றி கூறினர். தோற்ற ஆட்டத்திலும் ஒருவரின் உழைப்பு கண்ணுக்குத் தெரியும் என்பதை அயலார் காட்டினர். அதனைக் காண எள்ளுவோருக்கு இயல்வதில்லை.

கைக்கும் மருந்து

மூன்றாவது வாயுறை. இதற்கு வழிகாட்டி கோவூர்கிழார். ஆவூர்க் கோட்டையைப் பகைவர் முற்றியபோது, நெடுங்கிள்ளி கதவை அடைத்து உள்ளே இருந்தான். யானைகள் உணவின்றிப் பிளிறின. குழந்தைகள் பாலின்றி அழுதன. மகளிர் கூந்தலில் பூவில்லை. இவற்றையெல்லாம் எடுத்துக்காட்டிய புலவர், ‘அறத்தை நாடினால் நகரை ஒப்படைத்துக் கதவைத் திற, மறத்தை நாடினால் போரிடக் கதவைத் திற, இரண்டும் செய்யாது அடைத்திருத்தல் நாணத்தக்கது’ என்னும் கருத்துப்பட இடித்துரைத்தார்.

2016 முதல் 2018 ஏப்ரல் வரை தேசிய அணியைப் பயிற்றுவித்த வி. சுந்தரமூர்த்தியின்மேல் எழுந்த குறைகூறல் பெரும்பாலும் இவ்வகையினது. அணி தற்காப்பையே நம்பித் தன் பக்கத்தில் அடைந்து கிடக்கிறது என்பதே அக்குறை. சொன்னவர் பலர் அவருடைய பகைவர் அல்லர். பந்தைக் காலில் ஒட்டவைத்தவர்போல் எதிரிகளைக் கடந்து சென்ற இளமைக்கால சுந்தரமூர்த்தியை, 1993இல் புருணை அணிக்கு எதிராகத் தலைக்குமேல் உதைத்துக் கோல் போட்டவரை, நெஞ்சில் வைத்திருந்தவர்கள். கதவைத் திறந்து ஆடியவர் கதவை அடைக்கலாமா என்பது அவர்தம் ஆற்றாமை. அதில் அன்பும் இருந்தது.

எனினும், நல்ல திறனாய்வு கதவோடு நிற்பதில்லை. கோட்டைக்குள் தானியம் எவ்வளவு என்றும் கேட்கும். பதினெட்டு வயதில் ஆட்டக்காரன் ஈராண்டு முழுநேரத் தேசிய சேவைக்குச் செல்கிறான். நிலம் அருகிய தீவில் திடல்கள் குறைவு. உள்நாட்டு லீக் ஆட்டங்களின் இருக்கைகள் பெரிதும் காலியாகக் கிடந்தன. தன் பிள்ளையின் காலில் பந்து இருப்பதைவிடக் கையில் பயிற்சித்தாள் இருப்பதையே விரும்பும் பெற்றோர் பலர். பயிற்றுநர் ஒருவரை மாற்றினால் இவை மாறிவிடா. தன் வீட்டுக் கதவையும் தட்டும் சொல்லே முழுமையான வாயுறை.

நாம் என்னும் சொல்

இம்மூவகைப் பேச்சையும் பிரித்தறியத் தமிழ் இலக்கணமே ஓர் எளிய உரைகல்லைத் தந்திருக்கிறது. வென்ற இரவில் இரசிகர் ‘நாம் வென்றோம்’ என்கிறார். தோற்ற இரவில் அவரே ‘அவர்கள் தோற்றார்கள்’ என்கிறார். முன்னிலையாரையும் உளப்படுத்திய தன்மைப் பன்மை, ஒரே இரவில் படர்க்கையாகிவிடுகிறது. களத்தில் ஆடிய கால்கள் மாறவில்லை. மூவிடப் பெயர்தான் மாறியது.

‘நாம் தோற்றோம்’ என்று தொடங்குபவர் எவ்வளவு கடுமையாகப் பேசினும் அதற்கு உரிமை உடையவர். ‘அவர்கள்’ என்று தொடங்குபவர் மென்மையாகப் பேசினும் அயலாரே. இரண்டாம் பிரிவுக்கு இறங்கிய அணியைக் காண 1993இல் கல்லாங்கில் மக்கள் திரண்டனர். அவ்வாண்டு இறுதியாட்டத்தில் கெடாவிடம் தோற்றும் அவர்கள் கலைந்துபோகவில்லை. 1994இன் வெற்றி, தோல்வியிலும் ‘நாம்’ என்ற சொல்லைக் கைவிடாதவர்களுக்கே முழுமையாக உரியது.

ஈண்டு ஒரு மறுப்பு எழலாம். ‘நுழைவுச்சீட்டுக்குப் பணம் கொடுத்தவன் குறைகூறக் கூடாதா? எந்நேரமும் கைதட்டிக்கொண்டே இருக்க வேண்டுமா?’ என்பர். கூடாது என்று யாரும் கூறவில்லை. இடித்துரைப்பார் இல்லாத மன்னன் கெடுப்பார் இன்றியே கெடுவான் என்பது வள்ளுவர் கருத்து. நட்பின் பயன் சிரித்து மகிழ்வதன்று, நண்பன் நெறிதவறும்போது முற்பட்டு இடித்துரைத்தலே என்றும் அவர் உரைத்தார். குறையே சொல்லாத ஆதரவு அணிக்கு உதவாது. ஏசல் ஓய்ந்து அரங்கு அடங்கிப்போவதோ அதனினும் கேடு. ஏச ஆளில்லாத அணியே உண்மையில் கைவிடப்பட்ட அணி. ஆகவே, சினம் குற்றமன்று; சினத்தை எங்கே செலுத்துகிறோம் என்பதே வினா.

தோற்றவர்க்குரிய புகழ்

வெண்ணிப் போரில் கரிகாலன் வென்றான். முதுகிற் புண்பட்டமைக்கு நாணிய சேரன் பெருஞ்சேரலாதன் வடக்கிருந்தான். வென்ற கரிகாலன் முன்னிலையிலேயே, நின்னினும் நல்லவன் அவனன்றோ எனக் கேட்டார் வெண்ணிக் குயத்தியார். தோல்வியிலும் மானத்தைக் காத்தவனைக் காணும் கண் அப்புலவர்க்கு இருந்தது.

அக்கண் சிங்கப்பூர் இரசிகர்க்கும் உண்டு என்பது 2021 டிசம்பர் 25ஆம் நாள் வெளிப்பட்டது. தென்கிழக்காசியப் போட்டியின் அரையிறுதியில் இந்தோனேசியாவை எதிர்த்து ஆடிய அணி, இருவரைச் சிவப்பு அட்டையால் இழந்து ஒன்பது பேராகக் குறைந்தபின்னும் கோல் அடித்து 2-1 என முன்னிலை பெற்றது. பின் சமநிலை, கடைசி நிமிடங்களில் கிடைத்த தண்ட உதையும் தடுக்கப்பட்டது. கூடுதல் நேரத்தில் 2-4 என வீழ்ந்தது. முடிவில் களத்தில் நின்றவர் எண்மர். ஆண்டுக்கணக்காக ஏசிய நாவுகளே அவ்விரவு அவர்களைப் பாராட்டின. கோல் கணக்கில் அதுவும் ஒரு தோல்விதான். ஆனால், இரசிகர் எப்போதும் வேண்டியது வெற்றியை மட்டுமன்று. கதவைத் திறந்து ஆடும் துணிவையே என்பது அன்று தெளிவாயிற்று.

2025 நவம்பர் 18ஆம் நாள் ஹாங்காங்கில் அவ்வூர் அணியை 2-1 என வென்று, 2027ஆம் ஆண்டு ஆசியக் கிண்ணப் போட்டிக்குச் சிங்கப்பூர் தகுதி பெற்றது. 1984இல் போட்டியை நடத்திய நாடு என்ற முறையில் ஆடியதுண்டு. தகுதிச் சுற்றில் வென்று இடம் பெறுவது இதுவே முதன்முறை. அன்றிரவு ‘நாம்’ என்ற சொல் எல்லா நாவிலும் எளிதாக வந்திருக்கும். மீண்டும் தோல்விகள் வரும். அப்போதும் அச்சொல் நாவில் நிற்க வேண்டும்.

அதற்கான பயிற்சி பள்ளித் திடலிலேயே தொடங்குதல் நன்று. தோற்றுத் திரும்பும் வகுப்பு அணியை நோக்கி மாணவர் முதலில் சொல்லும் சொல் எது என்பதை ஆசிரியர் செவிகொடுத்துக் கேட்கட்டும். அது ‘நீங்கள் கெடுத்தீர்கள்’ என்பதாயின், இலக்கண வகுப்பில் மூவிடப் பெயரை இன்னும் ஒருமுறை நடத்த வேண்டும்.