சேர்ந்திசையில் குறிலும் நெடிலும்

தமிழில் சேர்ந்து பாடுவது என்றால் எல்லோரும் ஒரே மெட்டைப் பாடுவது என்றே ஆகியிருக்கிறது. பஜனை கோஷ்டி, தெருக்கூத்தின் பின்பாட்டு, கட்சி மேடையின் எழுச்சிப் பாட்டு, எல்லாம் இந்த ரகம்தான். நூறு பேர் பாடினாலும் குரல் ஒன்று, சத்தம்தான் கூடுகிறது. நான்கு வகைக் குரல்கள் ஒரே கணத்தில் வேறு வேறு ஸ்வரங்களில் நகர்வது மாதா கோயில்களிலும், 1893இல் தொடங்கிய மெட்ராஸ் மியூசிகல் அசோசியேஷனிலும் இருந்தது என்பது வாஸ்தவம். அங்கே அது தமிழ் பேசியபோது என்ன நேர்ந்தது என்பதற்குப் பாமாலைகள் சாட்சி. ஐரோப்பிய மெட்டுக்கு அளந்து வெட்டிய மொழிபெயர்ப்பில் குறிலின் மேல் நீண்ட ஸ்வரம் வந்து உட்காரும், நெடில் நசுங்கும். குறிலுக்கும் நெடிலுக்கும் உள்ள வித்தியாசம்தான் 'படு'வுக்கும் 'பாடு'வுக்கும் உள்ள வித்தியாசம் என்கிற மொழியில் இது சின்ன விஷயம் அல்ல.

கர்நாடக சங்கீதத்தில் மட்டும் குறில் நீளவில்லையா என்று கேட்கலாம். நீளுகிறது. ஆனால் அங்கே ஒரு குரல்தான். அதே வரியை நாலு முறை திரும்பப் பாடுகிறார். கேட்பவர் சொல்லைப் பிடித்துக்கொள்ள அவகாசம் இருக்கிறது. நான்கு குரல்கள் பிரிந்து போகும்போது செவிக்கு அந்த இரண்டாவது சந்தர்ப்பம் கிடையாது.

எம்.பி. சீனிவாசன் 1970களின் தொடக்கத்தில் மெட்ராஸ் யூத் கொயரை உருவாக்கியபோது இந்தப் பிரச்னையோடுதான் மல்லுக்கட்டியிருக்க வேண்டும். 1958லேயே சலில் சௌத்ரி பம்பாயிலும், ரூமா குஹ தாகுர்தா கல்கத்தாவிலும் இளைஞர் குழுக்களைத் தொடங்கியிருந்தார்கள். எம்.பி.எஸ். அந்த மரபில் வந்தவர், கம்யூனிஸ்ட், 'பாதை தெரியுது பார்' (1960) படத்துக்கும் அடூர் கோபாலகிருஷ்ணனின் படங்களுக்கும் இசை அமைத்தவர். அவர் கையில் பாரதி பல குரல்களில் ஒலித்தான். அவர் கண்ட தீர்வு பெரும்பாலும் இது: ஸ்வரங்கள் பிரியலாம், சொல் பிரியக் கூடாது. எல்லாக் குரல்களும் அதே அசையை அதே கணத்தில் உச்சரிக்கும். ஆகவே சொல் புரிகிறது, மாத்திரை பிசகவில்லை. சம்பளம் வாங்கிப் பாடாதவர்களை வைத்துக்கொண்டு இதைச் சாதித்தது சாமான்யம் இல்லை. 1988இல் அவர் லட்சத்தீவில் இறந்தார். அங்கே போயிருந்ததும் பாடச் சொல்லித் தரத்தான்.

ஆனால் இதற்கு ஒரு விலை உண்டு. எல்லோரும் ஒரே கணத்தில் ஒரே சொல்லைச் சொன்னால் அது பிரகடனமாகத்தான் வெளிப்படும். சந்தேகப்படவோ முணுமுணுக்கவோ அதற்கு வராது. நம் சிறுபத்திரிகைக்காரர்கள் குழுப்பாடலைக் கூட்டமேடைச் சமாசாரம் என்று முகம் சுளிப்பதற்கு இதுதான் காரணம். கோஷம் சகிக்கவில்லை என்பதற்காகப் பல குரல் என்கிற சாத்தியத்தையே தள்ளிவிடுவது சோம்பேறித்தனம்.

எஸ்தோனிய பில்ஹார்மானிக் சேம்பர் கொயர், தூனு கால்யுஸ்தே 1981இல் உருவாக்கிய தொழில்முறைக் குழு. ஆர்வோ பேர்ட் எழுதிய 'கானோன் பொகாயனென்' அதன் இசைத்தட்டுகளில் முக்கியமானது, 1998இல் ஈ.ஸி.எம். வெளியிட்டது. வாத்தியம் எதுவும் இல்லை. எண்பது நிமிஷத்துக்கு மேல் பழைய ஸ்லாவிய மொழியில் ஒரு பாவமன்னிப்புப் பிரார்த்தனை. மதம் நமக்கு வேண்டாம். அதன் முறையைப் பார்க்க வேண்டும். பேர்ட் முதலில் மெட்டுப் போட்டு அதில் சொல்லைத் திணிப்பதில்லை. சொல்லில் எத்தனை அசை, வாக்கியம் எங்கே நிற்கிறது என்பவையே ஸ்வரங்களின் போக்கையும் மௌனங்களின் அளவையும் தீர்மானிக்கின்றன. பாடுகிறவர்களின் தாய்மொழியிலோ குறில், நெடில், அதற்கும் மேல் நீண்டது என்று மூன்று அளவுகள். மாத்திரைக்கு அவர்கள் காது கூர்மையாக இருப்பதில் ஆச்சரியமில்லை.

பதிவானது தாலின் நகரத்து நிகுலிஸ்தே கோயிலில். சேர்ந்திசை இசைத்தட்டு என்பது பாதி ஒரு கட்டிடத்தின் பதிவு. ஒரு வாக்கியம் கல்லில் மோதித் திரும்பி அடங்கும் வரை குழு காத்திருக்கிறது, அப்புறம்தான் அடுத்தது. இதைக் கள்ளக்குறிச்சியில் உட்கார்ந்து கேட்கிற எனக்கு அந்தக் காத்திருப்பு புதிதாகப் படவில்லை. கச்சிராயபாளையம் தாண்டி வெள்ளிமலைக்கு ஏறும் வழியில், ஒரு சரிவில் நிற்பவர் எதிர்ச் சரிவில் இருப்பவரைக் கூப்பிடுவதைக் கேட்டிருக்கிறேன். பெயரின் கடைசி உயிரை நீட்டி விடுகிறார்கள்; கல்வராயன் மலை அதைத் திருப்பித் தருகிறது; அது ஓய்ந்த பிறகுதான் அடுத்த சொல். எட்ட இருப்பவரை விளிக்கும்போது அளபு நீளலாம் என்று இலக்கணமே சொல்கிறது. தமிழ் எங்கே நீள அனுமதிக்கிறது என்பது வகுக்கப்பட்டுக் கிடக்கிறது: விளி, அளபெடை, ஒப்பாரி. சேர்ந்திசைக்கு எழுதுகிறவர் இதைத்தான் முதலில் படிக்க வேண்டும். பியானோ பாடம் அப்புறம்.

எதிர்முனையில் லிகெட்டியின் 'லக்ஸ் எடெர்னா' (1966) இருக்கிறது. பதினாறு குரல்கள், ஒவ்வொன்றும் அதே வரியைத் தன் வேகத்தில். சொல் கரைந்து பனிமூட்டம் ஆகிவிடுகிறது. கூப்ரிக் அதைத் தன் விண்வெளிப் படத்தில் உபயோகித்ததால் அதை அமானுஷ்யம் என்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. இந்த மாவட்டத்தில்தான் கூவாகம். சித்திரையில் அரவான் களப்பலிக்குப் பின் தாலி அறுத்து வளையல் உடைத்து அழும் திருநங்கையரின் குரல்களில் யாரும் யாருக்காகவும் காத்திருப்பதில்லை. துக்கம் ஒன்று, ஆரம்பமும் மூச்சும் அவரவருடையது. பல குரல் இசை தமிழுக்கு அந்நியம் என்கிறவர்கள் ஒரு காலையாவது அங்கே நிற்க வேண்டும். அதைச் சங்கீதம் என்று பெயரிட்டு மேடையேற்றச் சொல்லவில்லை. அது அவர்களுடைய அழுகை. குரல்கள் ஒன்றாகாமலே சேர்ந்திருக்க முடியும் என்பதற்கு அது அத்தாட்சி.

நான் கேட்ட தமிழ்ச் சேர்ந்திசை பாரதி, பாரதிதாசனோடு நின்றுவிடுகிறது. புதுக்கவிதையை யாரும் தொட்டதாகத் தெரியவில்லை. யாப்பு இல்லாததால் மெட்டு வராது என்பார்கள். பேர்ட் எடுத்துக்கொண்டதும் உரைநடைக்குச் சமீபமானதுதான். நேரசை, நிரையசை என்று எண்ணிக்கொண்டு போனால் எந்தத் தமிழ் வாக்கியமும் தன் ஸ்வர நீளத்தைத் தானே சொல்லும். யாப்பை நாம் கவிதையிலிருந்து இறக்கிவைத்தோம். இசை அமைப்பவர் எடுத்துக்கொள்வதில் நமக்கென்ன ஆட்சேபம்? தயக்கம் இருப்பவர்கள் ஞானக்கூத்தனில் தொடங்கலாம். கேலி பண்ணும்போதும் மாத்திரை தப்பாதவர்.