உள்ளே இருப்பது

சட்டையைப் பற்றி அபிப்பிராயம் சொல்ல ஊரில் ஆயிரம் பேர் உண்டு. உள்ளாடையைப் பற்றி வாய் திறப்பவர் இல்லை. ஆனால் நாள் முழுவதும் உடம்போடு ஒட்டி உறவாடுவது அதுதானே!

கோவணத்துக்கு அளவே கிடையாது. பழனியாண்டவனுக்கும் பொருந்தும், ஏற்றம் இறைப்பவனுக்கும் பொருந்தும். இளைத்தாலும் பருத்தாலும் அரைஞாண் கயிறு சமாளித்துக்கொள்ளும். பாண்டுக்குள் மட்டும் அது சுகப்படாது. அடுத்தது பட்டாபட்டி: கோடு போட்ட பருத்தித் துணி, தாராளமான காற்று. நாடா உள்ளே ஓடிவிட்டால் ஊக்கும் கையுமாக உட்கார வேண்டும். அது ஒன்றுதான் குற்றம்.

1935இல் சிகாகோவில் ஜாக்கி ஜட்டி விற்பனைக்கு வந்தது. இழுத்தால் விரியும் பின்னல் துணி, இடுப்பில் எலாஸ்டிக். கெட்டிக்காரத்தனமான வேலைதான். இன்று திருப்பூர் அந்த ரகங்களைக் கடல் கடந்தும் அனுப்புகிறது. ஆனால் குளிர் தேசத்தில் இதமாக இருக்கிற இறுக்கம் நம் சித்திரை வெயிலில் தண்டனை. நைலானும் கலந்துவிட்டால் வியர்வை தங்கி, தொடை இடுக்கில் படை வந்து சேரும்.

என் தகப்பனார் படுக்கையில் கிடந்த கடைசி மாதத்தில், எலாஸ்டிக் அவர் இடுப்பில் பதித்திருந்த சிவந்த தழும்பைத் தற்செயலாகப் பார்த்தேன். வலிக்கிறதென்று அவர் சொல்லவேயில்லை. வெட்கம். நானும் கேட்டதில்லை.

சட்டை பிடித்தால் தையற்காரரோடு சண்டைக்குப் போகிறோம். இது கடித்தால் பொறுத்துக்கொள்கிறோம். மோசமான தையலைக் காப்பாற்றுவது நம் வெட்கம்தான்.

மறுநாளே அவருக்குப் பட்டாபட்டி தைக்கக் கொடுத்தேன். நாடாவைத் தளரக் கட்டிவிட்டபோது, "இப்பதாண்டா மூச்சு வருது" என்றார்.