கேட் ஷோப்பானின் மூடிய அறை

அமெரிக்க எழுத்தாளர் கேட் ஷோப்பான் 1894 ஏப்ரலில் எழுதிய ‘ஒரு மணி நேரத்தின் கதை’ ஆயிரம் சொற்களை ஒட்டி முடிந்துவிடும். அவ்வாண்டு டிசம்பரில் ‘வோக்’ இதழ் அதை வெளியிட்டது. அதன்பின் நெடுங்காலம் அதைப் பற்றிப் பெரிய பேச்சில்லை. நார்வே ஆய்வாளர் பெர் சேயர்ஸ்டெட் 1969இல் ஷோப்பானின் படைப்புகளைத் தொகுத்து, அவர் வாழ்க்கையையும் எழுதினார். அதன் பிறகு கவனம் திரும்பியது; இன்று அமெரிக்கக் கல்லூரிகளில் இந்தக் கதையைப் படிக்காத இலக்கிய மாணவர் குறைவு.

கதை இதுதான்: ரயில் விபத்தில் கணவன் பிரென்ட்லி மல்லார்ட் இறந்துவிட்டதாகச் செய்தி வருகிறது. இதய நோயாளியான மனைவி அழுது ஓய்ந்து, தனியே மாடியறைக்குப் போகிறாள். இனி தன் வாழ்வு தனக்கே என்ற மகிழ்ச்சி அங்கே அவளுக்குள் எழுகிறது. கீழே இறங்கி வரும்போது கணவன் உயிரோடு வாசலில் நிற்கிறான். அவள் இறந்துபோகிறாள்.

வாழ்க்கை வரலாற்று வழியில் போகிறவர்கள் ஷோப்பானின் தந்தை 1855இல் ரயில் பாலம் இடிந்து இறந்ததை நினைவூட்டுகிறார்கள். 1990இல் ஷோப்பானின் வரலாற்றை எழுதிய எமிலி டாத், அந்த விபத்தில் கணவனை இழந்த தாய் எலைசாவின் நிழலைக் கதையில் காண்கிறார். நல்ல வெளிச்சம்தான், ஆனால் கதையின் கட்டுமானத்தை அது விளக்காது. மேகங்களுக்கிடையே தெரியும் வானம், துளிர்விடும் மரங்கள், சிட்டுக்குருவிகள் என்று சன்னலுக்கு வெளியே விரியும் வசந்தத்தைப் பற்றியும் நிறைய எழுதியாகிவிட்டது.

என்னை மீண்டும் மீண்டும் வியக்கவைப்பது ஷோப்பான் செய்யாமல் விட்ட ஒன்று. கணவனைக் கொடியவனாக்கும் எளிய வழி அவர் கையில் இருந்தது. மாறாக, அவன் அன்போடு மட்டுமே அவளைப் பார்த்தவன் என்கிறார். அவளும் சில சமயம் அவனை நேசித்தவள்தான். கணவன் கெட்டவனாக இருந்தால் குற்றம் அவனோடு போய்விடும். அன்பான கணவனின் வீட்டிலும் ஒருவர் விருப்பம் மற்றவர்மேல் சுமத்தப்படுகிறது என்றால், கேள்வி திருமண ஏற்பாட்டின்மீதே விழுகிறது.

பெயரிடும் முறையும் இதற்குத் துணை நிற்கிறது. முதலில் அவள் கணவனின் குடும்பப் பெயரால் மட்டுமே அறியப்படுகிறாள். விடுதலையை உணர்ந்த பிறகுதான், கதவுக்கு வெளியிலிருந்து சகோதரி ஜோசபின் அழைக்கும்போது, லூயிஸ் என்ற பெயர் நம் காதில் விழுகிறது. இடைப்பட்ட பத்திகளில் கதைசொல்லியின் குரலும் லூயிஸின் நினைவும் பிரிக்க முடியாமல் கலந்துவிடுகின்றன.

இந்தக் கலப்பிலிருந்துதான் பெரிய சர்ச்சை பிறந்தது. லூயிஸின் எண்ணங்களைக் கதைசொல்லி ஏற்கவில்லை, அவை நோயுற்ற மனத்தின் தன்னல மயக்கம் என்று 2000இல் ஆய்வாளர் லாரன்ஸ் பெர்கோவ் வாதிட்டார். காய்ச்சல் கண்டதுபோன்ற அவளது பரவசம் அவருக்குச் சான்று. அதை ஒதுக்கிவிட முடியாது. ஆனால் இந்த மகிழ்ச்சி கொடூரமானதா என்ற கேள்வியைக் கதையே எழுப்பி, அவள் பார்வை தெளிந்திருப்பதாகச் சொல்லி அதைத் தள்ளிவிடுகிறது. பெர்கோவின் வாசிப்பு இடறுவது அங்கேதான். தவிரவும், அவளை நோயாளியாக மட்டும் பார்க்கிறவர்கள் கதைக்குள்ளேயே இருக்கிறார்கள். கடைசி வரியில் வரும் மருத்துவர்கள், கணவனைக் கண்ட மகிழ்ச்சியே அவளைக் கொன்றதாக முடிவு கட்டுகிறார்கள். மாடியறைக்குள் நடந்ததை அறிந்தவர் வாசகர் மட்டுமே.